சக்கையும் காகிதமும்

மரத்தை வெட்டாமலே காகிதம் செய்யலாம் என்பது எவர் செவிக்கும் இனிமையாகவே ஒலிக்கும். ஆயினும், வேளாண் கழிவென்று சொல்லப்படும் நார் ஆலைக்கு வந்து சேருமுன் எங்கே, யாருக்கு, என்ன உபயோகத்தில் இருந்தது என்று விசாரித்த பின்னரே இத்தொழிலைப் புகழ்வதோ இகழ்வதோ நியாயமாகும்.

1979-இல் தமிழ்நாடு அரசு நிறுவி, 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய காகிதபுரம் ஆலை, கரும்புச் சக்கையைக் கொண்டு செய்தித்தாளுக்குரிய காகிதத்தையும் செய்துகாட்டியது சாமானியமான காரியமன்று. ஆனால் 100 டன் கரும்பைப் பிழிந்தால் ஈரத்தோடு ஏறத்தாழ 30 டன்னாக வெளிப்படும் அச்சக்கை, சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்கே விறகாக இருந்ததாதலால், அதனைப் பெறுவதற்கு ஈடாகக் காகித ஆலை நிலக்கரி அளிக்க வேண்டியதாயிற்று. சக்கை காகிதமாயிற்று; அதன் ஸ்தானத்தில் நிலக்கரி புகையாயிற்று. இந்தப் பண்டமாற்றைக் கணக்கில் சேர்க்காமல் காடு பிழைத்ததை மட்டும் பாடுவது அரைக் கணக்கே. சக்கையை எரித்து மின்சாரம் விற்கச் சர்க்கரை ஆலைகள் முற்பட்ட பின்னரோ, அதனைக் கழிவென்பதே உபசார வார்த்தையாகிவிட்டது.

உலர்ந்த சக்கையை ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்தால், நார் கையில் நிற்க, மாவு போன்ற சோறு உதிரும். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கான இச்சோறு, நாரை வேகவைக்கும் காரத்தை வீணே குடித்து, கூழிலிருந்து நீர் வடிவதைத் தடுப்பதால், அதனைப் பிரித்துக் கொதிகலனுக்கே அனுப்புகிறார்கள். இழந்த விறகில் சிறிது இவ்வாறு மீள்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அரைவைப் பருவத்தில் மட்டும் கிடைக்கும் சக்கையை மலைபோல் குவித்து, கெடாதபடி நனைத்து வைத்து, பின்பு கழுவிய நீரிலிருந்து எரிவாயு எடுத்துச் சுண்ணாம்புச் சூளைக்குப் பயன்படுத்துவது மெச்சத்தக்க யுக்தி. சுத்திகரித்த கழிவுநீரை அயல் வயல்களுக்குப் பாய்ச்சும் ஏற்பாட்டை அவ்வளவு எளிதாக மெச்சிவிட முடியாது. அந்நீர் மண்ணில் விட்டுச்செல்லும் உப்பு ஆண்டுக்கு ஆண்டு சேர்வதன்றோ?

சக்கையின் நார் குட்டையாதலால் வலுவுக்கு நீண்ட நார் கலக்க நேர்வது சிறு குறையே. பெரிய சங்கடம் வேறிடத்தில் உள்ளது. பஞ்சாபில் வயலிலேயே கொளுத்தப்படும் நெல் வைக்கோல்தான் உண்மையில் கேட்பாரற்ற நார். அதிலோ சிலிக்கா மிகுதி. அது காரத்தில் கரைந்து, நாரை வேகவைத்தபின் எஞ்சும் கருநீரைச் சுண்டவைக்கும் குழாய்களில் படிந்து, ரசாயனத்தை மீட்கும் வேலையையே முடக்குவதால், மீட்க வசதியற்ற சிற்றாலைகள் கருநீரை ஆற்றில் விடுவதே எளிதென்று கண்டன. இச்சிலிக்காவை மலிவாகப் பிரிக்கும் ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணத்தை, இன்னொரு சக்கை ஆலைக்குக் கொடுக்கும் மானியத்தைவிட நான் மேலாகவே மதிப்பேன்.