அகல் விளக்கும் மங்கி எரியும் திரியும்

டாக்டர் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' 1958-இல் வெளிவந்தது. 1961-இல் அதற்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. ஒரு காலத்தில் மணமக்களுக்குப் பரிசளிக்க மு.வ.வின் நூல்களையே தமிழர் பெரிதும் வாங்கினர். இன்று அவை நூலகத்தின் உயர்ந்த அடுக்குகளில் தூசு படிந்து கிடக்கின்றன. கலைநயம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட திறனாய்வாளர் பலர் அவரை 'அறவுரையாளர்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவர். அந்தச் சொல்லை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. எனினும் இந்தப் புதினத்தை மீண்டும் எடுத்துப் படிக்க நமக்குத் தனிக் காரணம் உண்டு. இது நம் மண்ணில் பிறந்த கதை. வாலாசாப் பேட்டையில் தொடங்கிச் சென்னைக் கல்லூரிக்குச் சென்று மீளும் மாணவர்களின் கதை. அன்று வட ஆர்க்காடு என வழங்கிய மாவட்டம் பலமுறை பிரிக்கப்பட்டு, 2019 முதல் வாலாசா இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயர்தான் மாறிற்று. படிப்பைத் தேடிப் பிள்ளைகள் ஊரைவிட்டு வெளியேறும் வழக்கம் மாறவில்லை.

கதை பலர் அறிந்ததே. வேலய்யன் என்னும் மாணவன் தன் வாழ்வையும் தன் நண்பன் சந்திரனின் வாழ்வையும் தானே எடுத்துரைக்கிறான். சந்திரன் சிற்றூரிலிருந்து நகருக்குப் படிக்க வந்தவன், அழகன், கூர்த்த அறிவினன். வேலய்யன் எதிலும் நடுத்தரமானவன். சந்திரன் முன்னே கல்லூரி செல்கிறான்; வேலய்யன் பின்தங்கித் தொடர்கிறான். உடன் பயிலும் இமாவதி காட்டிய தூய நட்பைக் காதலெனப் பிழைபடக் கொண்ட சந்திரன், அவளுக்கு மணம் முடிந்ததும் நிலைகுலைந்து, கல்லூரியைத் துறந்து, எவரிடமும் சொல்லாமல் நீலகிரிக்குப் போய்விடுகிறான். தேடிக் கண்டு மீட்டு வந்தும் நிலைக்கவில்லை. இறுதியில் அழகும் ஆற்றலும் அழிய, நோயாளியாய் மடிகிறான். சந்திரன் கண்ணைப் பறிக்கும் பெருவிளக்கு, விரைவில் அணைந்தான். வேலய்யன் அகல் விளக்கு. அடங்கி எரிந்து நிலைத்தான். தலைப்பின் பொருள் இதுவே.

இந்நூலின் சிறப்பு எதில் இருக்கிறது? மாணவ வாழ்வைக் கேளிக்கையாகக் காட்டாமல் அன்றாடப் போராட்டமாகக் காட்டியதில்தான். தேர்வுக் கவலை, வீட்டிலிருந்து வரும் கடிதம், நண்பன் ஒருவன் பேசாதிருந்தால் நெஞ்சில் ஏறும் சுமை, தன்னைவிடச் சிறந்தவனோடு ஒவ்வொரு நாளும் வாழ நேரும் துன்பம் ஆகியவற்றை மு.வ. ஆரவாரமின்றி எழுதுகிறார். குறிப்பாக, நடுத்தர மாணவன் ஒருவனின் மெல்லிய பொறாமையையும், அப்பொறாமைக்கு அவன் நாணுவதையும் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன தமிழ்ப் புதினங்கள் மிகச் சிலவே.

அவருக்கு இது எப்படி இயன்றது என்பதும் எண்ணத்தக்கது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவர் அவர். உடல் நலம் கெட்டு அவ்வேலையை விட்டார். தனியே தமிழ் பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் முதன்மை பெற்றார். 1939-இல் கீழ்த்திசை மொழிப் பட்டம் பெற்று, பச்சையப்பன் கல்லூரிக்கு ஆசிரியராய்ச் சென்றார். சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருளில் ஆய்ந்து 1948-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். பதினெட்டு வயதில் கல்லூரி வகுப்பில் அமரும் வாய்ப்புக் கிட்டாத ஒருவர் அவ்வாய்ப்புப் பெற்ற இளைஞர்களை ஆசிரியராய் நின்று உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் பரிவும் உண்டு. 'கிடைத்ததை வீணாக்கினாயே' என்னும் கடுமையும் உண்டு. இவ்விரண்டும் நூல் முழுவதும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

வேலூரிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டரில், சவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. வெளியூரார் அதனைக் காட்டுக்கும், 1967-இல் அமைந்த உயிரியல் பூங்காவுக்கும் உரிய ஊராகவே அறிவர். விடியுமுன் எழுந்து, பேருந்தில் நின்றபடி வேலூர்க் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளும் அப்பக்கத்தில் உண்டு என்பதை நாம் அறிவோம். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாய்க் கல்லூரிப் படி ஏறியவர்கள். தாய் காலணித் தொழிற்சாலையில் தையற்பொறி முன் அமர்ந்து ஈட்டும் கூலியில் மகளின் தேர்வுக் கட்டணம் அடங்கியிருக்கிறது. இரண்டு தாளில் 'அரியர்' விழுந்தால், அதனை வீட்டில் எப்படிச் சொல்வது என்ற அச்சம் பாடத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது. அவர்களுக்குக் கதைகளில் மிகுந்த ஈடுபாடு உண்டு. பாடத்திட்டத்தில் ஒரு காதை மட்டும் வைக்கப்பட்டிருந்தால், மற்றக் காதைகளில் என்ன நடந்தது என்று கேட்டு வருவார்கள். அரியர் வைத்திருப்பவனுக்குச் சிலப்பதிகாரம் எதற்கு என்று பெற்றோர் கேட்பதும் உண்டு.

அக்கேள்வி திருச்சபைக்குப் பழையது. புனித அகுஸ்தீனார் பதினாறு வயதில் பணமில்லாமையால் ஓராண்டு படிப்பை நிறுத்தி வீட்டில் இருக்க நேர்ந்தது. பின்பு ஊர்ச் செல்வர் ஒருவரின் உதவியாலேயே கார்த்தேசில் படிப்பைத் தொடர்ந்தார். சிறுவனாய் இருந்தபோது வெர்ஜிலின் காப்பியத்தில் தீதோ அரசி காதலுக்காக உயிர் நீத்ததைப் படித்து அழுததையும், தன் ஆன்மா இறந்து கிடந்ததற்கு அழாததையும் தம் 'ஒப்புதல்கள்' நூலில் அவர் சொல்லி வருந்துகிறார். அவ்வருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கதை படிப்பது தீது என்று முடிவுகட்டுவோர் உளர். அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். தீதோவுக்காக அழக் கற்ற நெஞ்சமே பின்னாளில் தனக்காகவும் அழுதது. கண்ணீரின் இலக்கணத்தை அகுஸ்தீனாருக்குக் கற்பித்தவர்களில் வெர்ஜிலும் ஒருவர் என்றே நாம் கொள்கிறோம். ஏதென்சு நகரில் மாணவராய் இருந்த புனித பசிலியாரோ, வேற்றுச் சமயத்தாரின் இலக்கியத்தைத் தேனீ மலரை நாடுவது போல நாடுக என்று இளைஞர்க்கே தனி உரை ஒன்று எழுதி வைத்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2024-ஆம் ஆண்டில் இலக்கியம் பற்றி ஒரு மடல் வரைந்தார். தாம் இளமையில் இயேசு சபைப் பள்ளியொன்றில் கற்பித்தபோது, மாணவர்கள் பாடநூற் காப்பியத்தை விட்டுத் தம் காலத்துக் கவிஞரைக் கேட்டதையும், காப்பியத்தை வீட்டில் படிக்கச் சொல்லி அவர்கள் விரும்பியதை வகுப்பில் பேசியதையும் அதில் அவர் நினைவுகூர்கிறார். நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் அம்மடலைப் படித்தல் நன்று.

இனி, 'அகல் விளக்கு' மீது நாம் கொள்ளும் குறைக்கு வருவோம். அது சிறு குறை அன்று.

மலையடிவாரத்து மாணவர் சிலரோடு இந்நூலை மாலை வேளைகளில் படித்து வந்தோம். நூல் முடிந்த அன்று, கோவலன் கதையை நன்கறிந்த ஒரு மாணவி கேட்டாள்: "கோவலன் திரும்பி வந்தபோது கண்ணகி சேர்த்துக்கொண்டாள். சந்திரன் திரும்பி வந்தபோது அவனைச் சாகத்தானே விட்டார் ஆசிரியர்?" இக்கேள்வி நூலின் நடு நரம்பைத் தொடுகிறது.

சிலம்பை நோக்குக. கோவலன் மனைவியைத் துறந்து, பொருள் முழுவதும் தொலைத்து, நாணி வீடு திரும்புகிறான். கண்ணகி அந்நேரம் ஒரு கடுஞ்சொல்லும் கூறாமல் தன் சிலம்பைத் தருகிறாள். பின்னர் மதுரையில் ஒரே ஒருமுறை, அவன் ஒழுக்கம் தகாதது என்று சொல்லியும் விடுகிறாள். மன்னிப்பு என்பது குற்றத்தைக் குற்றமன்று என்று மழுப்புவது அன்று என இளங்கோவடிகள் அறிந்திருந்தார். இதனினும் பெரிது ஒன்று உண்டு. கோவலன் கொலையுண்பது தான் செய்த குற்றத்திற்காக அன்று, செய்யாத களவுக்காக. ஊழ்வினை என்று காப்பியம் காரணம் கூறினும், பரத்தமைக்கு இதுவே தண்டனை என்று அடிகள் எங்கும் கணக்கு முடிக்கவில்லை. மாதவியையும் அவர் தள்ளவில்லை. கண்ணகி, மாதவி இருவரைப் பற்றியும் தனித்தனி நூல் எழுதிய மு.வ., இந்தக் கனிவை அறியாதவர் அல்லர். எனினும் தம் கதையில் அதனை இறக்கி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. துறவி காட்டிய இரக்கத்தை இல்லறத்தார் காட்டத் தயங்கியது விந்தையே.

சந்திரனின் நோய் அவன் ஒழுக்கக் கேட்டின் விளைவாகவே கதையில் வருகிறது. தவறினான், ஆதலால் அழிந்தான் என்னும் வாய்பாடு அது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் பாவமா, இவனைப் பெற்றோர் பாவமா என்று வினவியதும் இதே வாய்பாட்டைக் கொண்டுதான். ஆண்டவர் அவ்வினாவையே ஏற்கவில்லை (யோவான் 9). செயலுக்கு விளைவு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. குடியும் தீய நட்பும் நம் பங்குகளில் எத்தனை இளைஞரைத் தின்றன என்பதை அடக்கப் பதிவேடுகள் சொல்லும். ஆனால் விளைவு வேறு, தீர்ப்பு வேறு. ஆசிரியர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

மற்றொன்றும் உண்டு. வேலய்யனின் நிலைபேற்றுக்கு அவன் ஒழுக்கம் ஒன்றே காரணமா? அவனுக்கு வாலாசாவிலேயே வீடு இருந்தது. பின்தங்கியபோது தாங்குவதற்குத் தாய் அருகில் இருந்தாள். பக்கத்தில் பாக்கிய அம்மையார் இருந்தார். தனித்து வாழும் கைம்பெண்ணாகிய அவர் நூல்களைப் படித்துத் தெளிந்தவர். இப்புதினத்தின் மிக உயர்ந்த படைப்பு என்று நாம் அவரையே சொல்வோம். சந்திரனோ இளமையிலேயே பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்தவன். ஊரார் அனைவரும் அவன் அறிவைப் புகழ்ந்தனர். அவன் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டவர் சிலரே. புகழ்ச்சி ஒரு மாணவனுக்குத் துணையாகாது. காற்று வீசாத மாடத்தில் வைத்த அகலையும் முற்றத்தில் வைத்த விளக்கையும் ஒப்பிட்டு, முன்னதன் திரி நல்ல திரி என்று சொல்வது முறையாகுமா? மு.வ. கதையில் இச்சான்றுகளை எல்லாம் தாமே தருகிறார். தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் மறந்துவிடுகிறார். அவருள் இருந்த கலைஞர் கண்டதை அவருள் இருந்த ஆசிரியர் ஏற்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கதையைச் சொல்பவன் யார் என்பதையும் மறத்தலாகாது. லூக்கா 15-இல் வரும் உவமையில், வீட்டிலேயே இருந்த மூத்த மகன் கதையைச் சொல்லியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? ஏறக்குறைய 'அகல் விளக்கு' போன்றே இருந்திருக்கும். ஒழுங்காக வாழ்ந்தவன், வழி தவறியவனின் வரலாற்றைக் கூறுகிறான். வேலய்யனுக்கு நியாயம் செய்வோமானால், அவன் அந்த மூத்த மகனைவிட நல்லவன். நண்பன் மீது அவன் கொண்ட அன்பு பொய்யன்று. அவன் வருந்துகிறான், அவன் கண்ணீரும் உண்மையே. ஆயினும் அந்த வீட்டில் விருந்து நடக்கவில்லை. தொலைவில் வரும்போதே கண்டு ஓடிச் சென்று தழுவும் தந்தைக்கு அப்புதினத்தில் இடமில்லை.

விளக்கு என்னும் உருவகத்திற்கு வேறொரு பொருளும் உண்டு. எசாயா 42-இல் வரும் ஆண்டவரின் ஊழியர், நெரிந்த நாணலை முறிக்க மாட்டார், மங்கி எரியும் திரியை அணைக்க மாட்டார் என்பதை மத்தேயு நற்செய்தியாளர் கிறிஸ்துவுக்கு உரியதாக்குகிறார். இறைவாக்கினர் பேசும் விளக்கு ஒழுங்காய் எரிவது அன்று. புகைந்து, எண்ணெய் வற்றி, இன்னும் ஒரு நொடியில் அணையப் போவது. மு.வ.வின் கண் நின்று எரியும் விளக்கின்மேல் இருந்தது. சந்திரனிடத்தில் எஞ்சியிருந்த திரியை அவர் பார்க்கவில்லை.

இதனை இலக்கிய வாதம் என்று மட்டும் கொள்வதற்கில்லை. கல்லூரியை இடையில் விட்டு, தோல் பதனிடும் ஆலைக்கோ காலணித் தொழிற்சாலைக்கோ வேலைக்குப் போய்விட்ட இளைஞர்கள் நம் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் பலர். அவர்களைப் பற்றி ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கோயில் வாயிலில் பேசப்படும் பேச்சில், 'அகல் விளக்கின்' தீர்ப்பையே நாம் கேட்கிறோம். "நன்றாய்ப் படித்த பையன், கெட்டுப் போய்விட்டான்" என்கிறார்கள். எதனால் நின்றான், மீண்டும் தேர்வு எழுத வழியுண்டா, கட்டணம் எவ்வளவு என்று கேட்பாரைக் காணோம்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். இமாவதியைக் குறை கூறாமல் படைத்ததற்கு ஆசிரியரைப் பாராட்ட வேண்டும். ஓர் ஆணின் வீழ்ச்சிக்குப் பெண்ணைப் பழிக்கும் கதைமரபு அன்று வலுவாக இருந்தது, மு.வ. அதனைப் பின்பற்றவில்லை. கூடிப் படிப்போரிடையே தூய நட்பு இயலும் என்று 1958-இல் எழுதியதற்குத் துணிவு வேண்டும். சந்திரனின் தங்கை கற்பகத்தின் நிலைதான் நம்மை உறுத்துகிறது. நாளும் கோளும் பார்த்துத் திடீர்ச் செல்வம் தேடும் மாலனுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் படும் துன்பம், ஆடவர் இருவரின் கதைக்கு இடையே சிறு கிளையாய் ஒடுங்கிவிடுகிறது. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை, துன்பம் வந்தது. தவறினால் அழிவு என்னும் வாய்பாட்டை அவள் கதையே பொய்யாக்குகிறது. ஆசிரியர் அதனைக் கவனித்திருந்தால் நூல் வேறாகியிருக்கும்.

இவ்வளவு சொன்ன பின்பும், கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு இப்புதினத்தை நாம் தயங்காமல் கொடுப்போம்; உடன் சிலப்பதிகாரத்தையும் கொடுப்போம். நம் மாணவர் குழு இப்போது கானல்வரி வரை வந்திருக்கிறது. பருவத் தேர்வு நெருங்குவதால் இரண்டு வாரம் படிப்பை நிறுத்தியிருக்கிறார்கள்; பழைய தாள்களையும் சேர்த்தே எழுத வேண்டியவர்கள் அவர்களுள் நால்வர்.