ஜன்னல் கண்ணாடியும் சில்லறைக் காசும்

ரஷ்ய எழுத்தாளர் லெஸ்கோவ் 1885-இல் எழுதிய ‘முத்துமாலை’ கதையில் கிறிஸ்துமஸ் கதைக்கு ஓர் இலக்கணம் வருகிறது. கதை கிறிஸ்துமஸுக்கும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கும் இடைப்பட்ட நாட்களில் நடக்க வேண்டும். கொஞ்சமாவது மாயம் இருக்க வேண்டும், ஏதாவது ஒரு நீதி இருக்க வேண்டும், முடிவு கட்டாயம் சுபமாக இருக்க வேண்டும். அன்றைய பத்திரிகைகள் டிசம்பர் வந்தால் இந்த அச்சில் வார்த்த கதைகளைத்தான் கேட்டு வாங்கின. இங்கிலாந்தில் 1850 முதல் டிக்கன்ஸே தன் வார இதழுக்குக் கிறிஸ்துமஸ் மலர் போட்டார். குளிர்கால இரவில் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை கேட்கும் வழக்கமும் அதில் சேர்ந்துகொண்டது. எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டிய பேய்க்கதைகள் அந்த வழியில் வந்தவை.

இப்படி எழுதிக் குவிக்கப்பட்டவற்றில் இன்றும் மனத்தைப் பிசைகிற கதைகளை அடுத்தடுத்துப் படித்தால், தேவதைகளைவிட இரண்டு சாதாரணப் பொருள்கள்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, ஜன்னல் கண்ணாடி. மற்றொன்று, எண்ணி எண்ணிப் பார்க்கப்படும் சில்லறை.

டிக்கன்ஸிடமிருந்தே தொடங்கலாம். ஆலைகளிலும் பட்டறைகளிலும் குழந்தைகள் படும் பாட்டைப் பற்றிய அரசு விசாரணை அறிக்கையை 1843-இல் படித்துக் கொதித்துப்போன அவர், முதலில் ஒரு துண்டுப் பிரசுரம்தான் எழுத நினைத்தார். அதுதான் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ ஆயிற்று. சுமார் ஆறு வாரத்தில் எழுதி முடித்தார். டிசம்பர் 19-இல் வெளிவந்து, கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதிகள் தீர்ந்தன. அந்தக் கோபத்துக்கு ஒரு சொந்த வேர் உண்டு. தந்தை கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, 12 வயது டிக்கன்ஸ் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினார். வேலை வேறு கட்டடத்துக்கு மாறியபோது வெளிச்சத்துக்காகப் பையன்களை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த ஜன்னல் கதைக்குள்ளும் வருகிறது. இறந்துபோன கூட்டாளி மார்லியின் ஆவி வந்து போகும்போது கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜ் வெளியே எட்டிப் பார்க்கிறான். காற்றெல்லாம் சங்கிலி பூட்டிய ஆவிகள். அதில் ஒன்று, காலில் இரும்புப் பெட்டகம் கட்டியது, கைக்குழந்தையோடு ஒரு வாசற்படியில் கிடக்கும் ஏழைப் பெண்ணைப் பார்த்துக் கதறுகிறது. இப்போது கொடுக்க மனம் இருக்கிறது, கை இல்லை. தன்னிடம் வாரம் 15 ஷில்லிங் வாங்கும் குமாஸ்தா கிராட்சிட்டின் வீட்டுக்கு ஸ்க்ரூஜ் கடைசியில் வான்கோழி அனுப்புவதைவிட இந்த ஒரு காட்சிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு பணக்காரன் திருந்தினால் ஒரு குடும்பம் பிழைக்கும். மற்ற வாசற்படிகளுக்கு டிக்கன்ஸிடம் பதில் இல்லை.

பதில் இல்லாத இடத்திலிருந்து தொடங்கியவர் ஆண்டர்சன். 1845-இல் வந்த ‘தீக்குச்சிச் சிறுமி’ உண்மையில் புத்தாண்டுக்கு முந்தின இரவில் நடக்கிறது. ஆனாலும் உலகம் அதைக் கிறிஸ்துமஸ் கதையாகவே எடுத்துக்கொண்டது. அவருடைய தாயைச் சிறுவயதில் பிச்சை எடுக்க அனுப்பினார்கள். அவள் போக மனமில்லாமல் பாலத்தடியில் உட்கார்ந்து அழுதாள். கதையில் தெருக்குளிரில் விறைக்கும் சிறுமி கொளுத்தும் தீக்குச்சி எரியும் அந்தக் கணம் மட்டும் சுவர் மெல்லிய திரைபோல ஆகி உள்ளறை தெரிகிறது. குச்சி அணைந்ததும் மறுபடியும் சுவர்.

தஸ்தயேவ்ஸ்கி 1876-இல் எழுதிய கதையில் வெளியே நிற்கும் குழந்தை கதவையே திறந்துவிடுகிறது. நிலவறையில் இறந்து கிடக்கும் தாயை விட்டு ஒரு பெருநகரத் தெருவில் அலையும் சிறுவன், ஜன்னல் வழியே மிட்டாய்களையும் பலகாரங்களையும் பார்த்து உள்ளே நுழைகிறான். கூச்சலிட்டு விரட்டுகிறார்கள். ஒரு சீமாட்டி அவசரமாக ஒரு கோபெக்கை அவன் கையில் திணிக்கிறாள். குளிரில் விரல் மடங்கவில்லை. காசு படிகளில் கலகலவென்று உருண்டு ஓடுகிறது. பிறகு விறகுக் குவியலுக்குப் பின்னால் சாகும் அவனுக்குக் கிறிஸ்துவின் கிறிஸ்துமஸ் மரத்தைக் காட்டுகிறார் ஆசிரியர். எனக்கு அந்த உருண்டோடும் காசுதான் மறப்பதில்லை.

இந்த வரிசையில் சிகரம் என்று நான் நம்புவது செகாவின் ‘வான்கா’. 1886 கிறிஸ்துமஸ் அன்று பத்திரிகையில் வந்தது. மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழக விடப்பட்ட ஒன்பது வயதுப் பையன், முதலாளி கோவிலுக்குப் போன நேரத்தில் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான்: அடிக்கிறார்கள், பசிக்கிறது, வந்து கூட்டிப் போ. எழுதுவதற்கு நடுவே இருண்ட ஜன்னலைப் பார்க்கிறான். அதில் தெரிவது அவனுடைய மெழுகுவர்த்தியின் பிரதிபிம்பம்தான். அதிலேயே தாத்தாவையும் நாய்களையும் ஊர்ப் பனியையும் கண்டுகொள்கிறான். முந்தின நாள் ஒரு கோபெக்குக்கு வாங்கிய உறையில் ‘கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு’ என்று எழுதுகிறான். தலையைச் சொறிந்து யோசித்து, தாத்தாவின் பெயரையும் சேர்க்கிறான். தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறான்.

இதில் ஒரு விவரத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவன் தாய் வேலை பார்த்த பண்ணை வீட்டு இளம் சீமாட்டி பொழுது போகாமல் வான்காவுக்கு எழுதப் படிக்கவும் நூறு வரை எண்ணவும், நடனம் ஆடவும்கூடக் கற்றுத் தந்திருக்கிறாள். தாய் செத்ததும் அந்த வீட்டில் அவனுக்கு இடமில்லாமல் போயிற்று. அவள் தந்த எழுத்து கடிதம் எழுதப் போதும், அதை ஊர் சேர்க்கப் போதாது. லெஸ்கோவ் சொன்ன மாயமும் இல்லை, சுப முடிவும் இல்லை. பையன் மட்டும் தன் கதை சுபமாக முடிந்துவிட்டதென்று நம்பித் தூங்குகிறான்.

ஓ. ஹென்றி 1905-இல் எழுதிய ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை’ இதற்கு நேர் எதிர். அங்கே வெளியே யாரும் நிற்கவில்லை. வறுமையோடு கணவன் ஜிம், மனைவி டெல்லா இருவருமே உள்ளே இருக்கிறார்கள். டெல்லா மூன்று முறை எண்ணியும் 1 டாலர் 87 சென்ட்தான், அதில் 60 சென்ட் ஒற்றைக் காசுகள். கூந்தலை 20 டாலருக்கு விற்று ஜிம்மின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வருகிறான். தலைப்பில் வரும் ‘மேஜை’ நம் பைபிளில் சாஸ்திரிகள் என்றும் ஞானிகள் என்றும் வரும் கீழ்த்திசைக்காரர்கள். பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தவர்களோடு வாடகை வீட்டுத் தம்பதியை ஒப்பிட்டு, தம்பதியை மேலே வைத்தது சின்னத் துணிச்சல் இல்லை.

கடைசியாக, ட்ரூமன் கபோட் 1956-இல் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் மெமரி’. பொருளாதாரப் பெருமந்தக் கால அலபாமாவில் ஏழு வயதுப் பையனும், அறுபது தாண்டியும் குழந்தை மனம் மாறாத அவன் உறவுக்காரப் பெண்ணும், முக்கால்வாசி முன்பின் தெரியாதவர்களுக்காகவே முப்பத்தொரு கேக் சுடுகிறார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கும் ஒன்று உண்டு. 25 ஈ அடித்தால் ஒரு சென்ட் என்று ஆண்டு முழுக்கச் சேர்த்த காசை, தரைப்பலகைக்கு அடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் கொட்டி எண்ணுகிறார்கள். அவள் கணக்கில் 12 டாலர் 73 சென்ட். பையன் கணக்கில் சரியாக 13. அவளுக்குப் பதின்மூன்று என்றாலே பயம், கேக் அமுங்கிப் போகும் என்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று, அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததில் ஒரு சென்ட்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறார்கள்.