உப்புப் பாத்தியும் வினாத்தாளும்

செய்து கற்றல் என்னும் கொள்கையை இன்று மறுப்பார் எவருமிலர். இலங்கையில் 1999 ஆம் ஆண்டு நாடளாவிய ரீதியில் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்பதை ஒரு பாடமாகவே அமைத்தது. பெயரில் இடம்பெற்ற செயற்பாடு வகுப்பறையிலும் இடம்பெறுகின்றதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

செயற்பாட்டுக் கல்வி நடைபெறாமைக்கு வழக்கமாகக் கூறப்படும் நியாயம் உபகரணப் பற்றாக்குறையாகும். புத்தளம் களப்பை அண்டிய பாலாவியை நோக்குமிடத்து இந்நியாயம் வலுவிழக்கின்றது. அங்குள்ள உப்பளங்களில் நீர் பாத்திக்குப் பாத்தி செலுத்தப்பட்டு, வெயிலாலும் காற்றாலும் செறிவடைகின்றது. சாதாரண கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. அந்நீர் ஏறக்குறையப் பத்திலொரு பங்காக வற்றும்போதே கறியுப்புப் பளிங்காகத் தொடங்கும். அதற்கு முன்னரே ஜிப்சம் படிந்துவிடும்; உப்பு விளைந்தபின் எஞ்சும் கைப்பு நீரில் மகனீசிய உப்புகள் தங்கிவிடும். ஆவியாதல், பளிங்காதல், வேறாக்கல் ஆகிய மூன்றும் அங்கே திறந்த வெளியில் நிகழ்கின்றன.

எனினும், உப்பளத்தைக் கண்டுவருவது மட்டும் விஞ்ஞானமாகிவிடாது. ஒரே அளவு உப்புநீரை அகன்ற தட்டொன்றிலும் ஒடுங்கிய போத்தலொன்றிலும் இட்டு, எது முதலில் வற்றுமென மாணவன் முன்கூட்டி உரைத்து, பின் காத்திருந்து பார்த்தல் வேண்டும். பாத்திகள் ஏன் ஆழமின்றி அகலமாக அமைக்கப்பட்டன என்பது அப்போது அவனுக்குத் தானே விளங்கும். நன்னீரில் அமிழும் முட்டை செறிந்த உப்புநீரில் மிதப்பதேன் என்று வினவவும் அவன் தலைப்படுவான். இவற்றுக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வேண்டியது, விடையைச் சற்றே பிற்போடும் பொறுமையாகும். விடையை எழுதிக்கொண்ட பின் செய்யப்படும் செயற்பாடு ஆய்வன்று, சடங்கேயாகும்.

இப்பொறுமையின்மைக்கு ஆசிரியரை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுத்தால் மட்டுமே அளப்பது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல தஞ்சமடைந்த மாவட்டம் புத்தளம். உடைமை இழந்தோருக்கும் கூலியுழைப்பாளருக்கும் அப்பரீட்சை பிள்ளையின் உயர்வுக்குரிய ஏணியாகத் தோன்றுவது இயல்பே. அத்தகைய பெற்றோர் ஆயத்த விடைகளை நாடுவதை அறியாமையெனக் கொள்ளலாகாது.

ஆகவே சீர்திருத்தம் பரீட்சையையும் தொடுதல் வேண்டும். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 1972 இல் 16 பாடசாலைகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டம் இதனை உணர்ந்திருந்தது. அது நடுநிலை வகுப்புகளுக்குரியதாயினும் அதன் படிப்பினை இங்கும் பொருந்தும். பரிசோதனைப் பொருள்களை வழங்கியதோடு அது அமையவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் புகுத்தியது. 2002 இல் அரசு அதனை நிறுத்தியமை, இத்தகைய முயற்சிகள் எத்துணை எளிதில் கைவிடப்படக்கூடியவை என்பதையும் காட்டுகின்றது.

ஆவியாதலுக்கு வரைவிலக்கணம் எழுதும் பாலாவிச் சிறுவன் முழுப் புள்ளியும் பெறலாம். தன் ஊர்ப் பாத்தி ஏன் அகன்றது என்று அவனை வினாத்தாள் கேட்காதவரை, அவன் கற்றது விஞ்ஞானமாகாது, விஞ்ஞானத்தின் சொற்களேயாகும்.