அழும் மரமும் அமைதியும்

கிளாட் மொனே என்னும் பிரெஞ்சு ஓவியரைப் பற்றிப் பேசுவோர், அவரை அமைதியின் ஓவியர் என்று கூறி முடித்துவிடுகின்றனர். அல்லிக்குளமும் கரையோரத்து வில்லோ மரமும் பார்ப்போர் மனத்தைக் குளிர்விக்கின்றனவாம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். 1918-இல் அவர் தீட்டத் தொடங்கிய ‘அழும் வில்லோ’ ஓவியங்களின் அச்சுப்பிரதிகளை நிதானித்துப் பார்த்தபின் அவ்வெண்ணம் நம்மைவிட்டு அகன்றது.

வில்லோ இந்நாட்டில் நமக்குப் பழகிய மரமன்று. அதன் மெல்லிய நெடுங்கிளைகள், தலைவிரி கோலமாய் நிற்கும் பெண்ணின் கூந்தல்போல் நீரை நோக்கித் தொங்குவன. அதனாலேயே மேனாட்டார் அதனைத் துக்கத்தின் அடையாளமாகக் கொண்டனர்.

மொனேயின் மரமோ வெறுமனே தொங்கி நிற்கவில்லை. அடிமரம் முறுகித் திருகி எழுகிறது. இலைக்கொத்துகள் மழைபோற் கொட்டுகின்றன. பச்சையும் மஞ்சளும் ஊதாவும் ஒன்றன்மேலொன்றாய்த் தடித்துக் கிடக்கின்றன. கண் ஓய்வெடுக்க வானம் என்று ஓரிடமும் இல்லை. இதைக் கண்டு மனம் சாந்தியுற்றதென்பவர் படத்தைப் பார்த்தாரா, படத்தின் பெயரை மட்டும் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. 1911-இல் மனைவி மாண்டார். 1914-இல் மூத்த மகன் மாண்டார். அவ்வாண்டிலேயே மகாயுத்தம் மூண்டது. இளைய மகன் போர்முனைக்குச் சென்றார். ஓவியரின் கண்களிலோ புரை படர்ந்திருந்தது. எத்தனையோ பேர் வதையுண்டு மடியும்போது நாம் வடிவத்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோமே என்று தமக்குச் சற்று வெட்கமாயிருப்பதாக 1914 டிசம்பரில் நண்பரொருவருக்கு எழுதினார். இவ்வெட்கமே அவரிடம் நாம் பெரிதும் மதிப்பது. நாடு எரியும்போது மரம் வரைவதா என்று அவரைக் கேட்க நினைப்போர், அக்கேள்வியை அவரே தம்மிடம் கேட்டுக்கொண்டதை அறிதல் வேண்டும். வெட்கப்பட்டும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. அந்த முறுகிய அடிமரத்தில் அவ்வெட்கமும் கலந்திருக்கிறது என்பது நமது துணிபு.

யுத்தம் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12-இல், பிரதம மந்திரி கிளெமான்ஸோவுக்கு மொனே கடிதம் எழுதி, இரண்டு ஓவியங்களை நாட்டுக்கு அளிப்பதாகச் சொன்னார். அவ்விரண்டு பெருகி, பாரிஸ் ஒராஞ்செரியில் இரண்டு நீள்வட்டக் கூடங்களை நிறைத்தது. இரண்டாம் கூடத்து வில்லோக்கள் சாந்தமானவை, மிக அழகியவை. ஆயினும், பிரதிகளைக் கொண்டே பேசும் நமக்கு, 1918-இன் சிறிய படங்களே உண்மை மிகுந்தவையாய்ப் படுகின்றன.

மற்றொன்றும் சொல்லவேண்டும். செக்ரோல் எழுதிப் பழகிய நம் கண்ணுக்கு ஜிவெர்னித் தோட்டத்தில் ஆட்களே முதலில் தென்படுகின்றனர். அக்குளம் தானாய் உண்டானதன்று. ஓடைநீரைத் திருப்பிக் கொணர்ந்தது. அயல்நாட்டுச் செடிகளால் நீர் கெடுமென்று ஊரார் எதிர்த்தனர். அல்லியிலைகளைத் துப்புரவாக்கத் தோணியிலேறிய தோட்டக்காரர் உண்டு. கலைஞரின் அமைதியைப் புகழ்ந்த நூல்களில் இவர்களுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம்.

மொனேக்கோ அவ்வமைதி கிட்டிற்றா என்பதே சந்தேகம். 1923-இல் கண்ணுக்குச் சிகிச்சை செய்துகொண்டு, மீண்டும் மீண்டும் திருத்தினார். நாட்டுக்கு அளித்துவிட்ட படங்களை உயிருள்ளவரை வீட்டைவிட்டு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. 1926 டிசம்பர் 5-இல் அவர் இறந்தார். கூடம் திறக்கப்பட்டது மறு ஆண்டு மே மாதத்தில்.