தவறு தவறாகத் தெரிந்த காலம்

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்தவர்கள் அடிக்கடி கூண்டில் ஏற்றும் சாட்சி ஒன்று உண்டு. 2020இல் அமெரிக்கக் கதிரியல் இதழ் ஒன்றில் வெளிவந்த முழங்கால் ஆய்வு அது. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கின் ஆராய்ச்சிப் பிரிவும் கைகோத்து நடத்திய 'ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ.' திட்டத்தின் விளைச்சல். 108 பேரின் முழங்கால்கள். வழக்கமான முறையில் எடுத்த படம் ஒருபுறம். கால் பங்குத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு நியூரல் நெட்வொர்க் வரைந்த படம் மறுபுறம். ஆறு கதிரியல் மருத்துவர்கள் இரண்டையும் பார்த்தார்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் வேறுபாடு இல்லை என்று முடிவு வந்தது. போதாக்குறைக்கு, நெட்வொர்க் வரைந்ததுதான் தரமான படம் என்றும் மதிப்பெண் போட்டார்கள்.

மருத்துவர்களே ஒப்புக்கொண்ட பிறகு இன்னும் என்ன தயக்கம் என்பதுதான் அதன்பிறகு எழுகிற வாதம். எளிய வாதம், அதனாலேயே விலைபோகிறது. கண்ணுக்குப் பிடித்திருந்தால் அளவும் சரியாகத்தான் இருக்கும் என்கிற பழக்கம் இப்படித்தான் ஆய்வகங்களிலும் ஸ்கேன் சென்டர்களிலும் குடியேறிக்கொண்டிருக்கிறது.

நன்மைகளை மறுக்க வேண்டியதில்லை. குழாய்க்குள் அசையாமல் படுக்கத் தெரியாத குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கும் தேவை குறைகிறது. வரிசை நீளும் மருத்துவமனையில் ஒரே கருவி கூடுதல் பேரைப் பார்க்கிறது. சி.டி.யில் கதிர்வீச்சைக் குறைக்க முடிகிறது. நுண்ணோக்கியிலும் பலன் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மார்ட்டின் வைகெர்ட்டும் கூட்டாளிகளும் உருவாக்கி 2018இல் வெளியிட்ட முறை, வெளிச்சம் பட்டாலே நெளிகிற பிளனேரியா தட்டைப்புழுவை 60 மடங்கு குறைந்த ஒளியில் படம்பிடிக்க வழிசெய்தது. எல்லாம் மெய். ஆனால் வேகமும் சிக்கனமும் ஒரு படம் நம்பத்தக்கதா என்ற கேள்விக்குப் பதில் ஆகிவிடாது.

கணினி வரைந்த படம் என்பதே குற்றம் என்றும் யாரும் சொல்லவில்லை. 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தபோதே அதை வரைந்தது கணினிதான். அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையை உலகறியச் செய்த ஜி.என்.ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல கோணங்களில் எடுத்த நிழல்களைச் சேர்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்கிடுவது எப்படி என்பதுதான் அதில் விஷயம். நிழல்களை வந்த வழியே திருப்பிப் பூசினால் படம் மங்கிப்போகும். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு நிழலையும் ஒரு குறிப்பிட்ட வடிகட்டிக்குள் செலுத்தினால் மங்கல் விலகும். இருவர் பெயரையும் சுருக்கி 'ராம்-லாக்' என்று வழங்கும் அந்த வடிகட்டியைத் தாண்டாமல் இன்றும் எந்த மாணவரும் சி.டி. பாடத்தைக் கடந்துபோக முடியாது.

ராம்-லாக்கிலும் குறை உண்டு. படத்தைக் கூர்மையாக்கும்போது இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடும். ஆனால் எவ்வளவு தூக்கும் என்பதைத் தாளில் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு நேர்கோட்டு வகையைச் சேர்ந்தது: உள்ளே போவது இரட்டித்தால் வெளியே வருவதும் இரட்டிக்கும். இதனால்தான் 'ஃபேன்டம்' என்கிற சோதனைப் பொருளுக்கு மதிப்பு வந்தது. பிளாஸ்டிக் உருளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை வைத்துப் படம்பிடித்து, அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று அளந்துவிட்டால், நோயாளியின் ஈரலில் இருக்கும் கட்டியின் ஓரமும் ஏறக்குறைய அதே அளவுதான் மங்கும் என்று நம்பலாம். ஒரு பொருளில் தேறிய கருவி மற்றொரு பொருளிலும் தேறும்.

நியூரல் நெட்வொர்க் அறுப்பது இந்தக் கயிற்றைத்தான். எதைப் படம்பிடிக்கிறோமோ அதைப் பொறுத்து அதன் நடத்தை மாறும். பளிச்சென்ற கம்பியைக் கத்திமுனைபோல வரைகிற அதே மென்பொருள், சுற்றுப்புறத்திலிருந்து சற்றே நிறம் மாறியிருக்கும் கட்டியை இரைச்சல் என்று எண்ணி வழித்தெறியலாம். ஃபேன்டத்தில் வாங்கிய நூற்றுக்கு நூறு நோயாளியின் உடலுக்குச் செல்லாது. நிறுவனங்கள் இன்னும் ஃபேன்டம் படங்களைத்தான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன என்பது தனி வேடிக்கை.

இதைவிடப் பெரிய சிக்கல், பிழையின் முகம் மாறிவிட்டது. பழைய முறைகளில் தவறு தவறாகத் தெரிந்தது. பல்லில் உலோகம் அடைத்தவரின் சி.டி.யில் நட்சத்திரம்போல வெள்ளைக் கோடுகள் சிதறும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் பரப்பைக் குறைவாக வைத்துவிட்டால், மூக்கு பின்மண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட்டால் வயிற்றுச் சுவர் நாலைந்து நிழல்களாக அடுக்கடுக்காக விழும். பயிற்சிக்கு வந்த முதல் வாரத்து டெக்னீஷியன்கூட இதைப் பார்த்து நோய் என்று சொல்லமாட்டார். திரும்ப எடுக்கலாம் என்பார். இன்று பிழை மங்கலாகவோ கோடாகவோ வருவதில்லை. உடலுறுப்பின் சாயலிலேயே வருகிறது.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். அதே ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. குழு 2020இல் மூளைப் படங்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. தரவைக் கால் பங்காகக் குறைத்த பிரிவில், போட்டியாளர்களின் படங்களைக் கதிரியல் மருத்துவர்கள் உற்றுப் பார்த்தபோது, நோயாளியின் தலையில் இல்லாத ரத்தக்குழாய் ஒன்று ஒரு படத்தில் இருந்தது. அறுவைசிகிச்சையில் போட்ட உலோகத் தையல் கிளிப்புகள் சிக்னலைக் குலைத்ததை நெட்வொர்க் அப்படிப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று கருதப்பட்டது. தரவை எட்டில் ஒரு பங்காகக் குறைத்த பிரிவின் படம் ஒன்றில், மூளைத் தண்டுவட நீர் தேங்கிய பிளவுபோல ஒரு வெளிச்சக் கோடு. இரண்டும் அலங்கோலமாக இல்லை. ரத்தக்குழாய் ரத்தக்குழாய்போலவே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க முழுத் தரவுப் படம் கையில் இருந்ததால்தான் பிடிபட்டது. மருத்துவமனையில் அந்தப் படம் இருக்காது. அதை எடுக்காமல் நேரத்தை மிச்சம்பிடிப்பதற்குத்தானே இத்தனையும்.

இந்த வகைப் பிழைக்கு மருத்துவத்துக்கு வெளியே ஒரு முன்கதை உண்டு. 2013 ஆகஸ்டில் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒர்க்சென்டர் வகை ஸ்கேனர்கள் எண்களை மாற்றுவதாக வெளியிட்டார். ஒரு கட்டுமான வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று அச்சாகியிருந்தது. ஸ்கேன் செய்து எடுத்தால் மூன்றும் 14.13. கோப்பின் அளவைச் சுருக்க, ஒன்றுபோல் தெரியும் துண்டுகளில் ஒன்றை மட்டும் சேமித்து மற்ற இடங்களிலும் அதையே ஒட்டியது மென்பொருள். எழுத்து மங்கவில்லை, பிசிறவில்லை. அச்சடித்த அழகோடு தப்பான எண் உட்கார்ந்திருந்தது. பெரிய அறையின் பரப்பளவு சின்ன அறையினுடையதைப்போல் இருக்கிறதே என்று சந்தேகித்ததால் அகப்பட்டது. நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. வீட்டு வரைபடத்தில் அறையின் நீள அகலத்தைப் பார்த்து எண்ணைச் சந்தேகிக்கலாம். முழங்கால் குருத்தெலும்பில் கிழிசல் இல்லை என்று காட்டும் சுத்தமான படத்தை எதை வைத்துச் சந்தேகிப்பது?

நெட்வொர்க் எங்கிருந்து இட்டு நிரப்புகிறது என்பதும் ரகசியமல்ல. 2018இல் ஜோசஃப் பால் கோயன் குழு, ஒருவகை எம்.ஆர்.ஐ. படத்தை இன்னொரு வகையாக மாற்றும் நெட்வொர்க்குகளைச் சோதித்தது. கட்டியே இல்லாத மூளைகளை மட்டும் காட்டிப் பயிற்றுவித்தபோது, கட்டி உள்ள நோயாளியின் படத்திலிருந்து அது கட்டியை நீக்கிவிட்டது. கட்டி உள்ள படங்களாகப் பார்த்துப் பயின்றது, இல்லாதவருக்குக் கட்டி வைத்தது. 2020இல் வேகார்ட் அன்டுன், ஆண்டர்ஸ் ஹான்சன் உள்ளிட்டோர் பல நெட்வொர்க்குகளைக் குடைந்து பார்த்தார்கள். படத்துக்குள் சிறு எழுத்துகளையும் சீட்டுக்கட்டுக் குறிகளையும் வைத்துக் கொடுத்தபோது சில நெட்வொர்க்குகள் அவற்றை அடையாளம் தெரியாமல் குழப்பின. கூடுதல் தரவு கொடுத்தால் படம் மோசமாவதும் சிலவற்றில் நடந்தது. அதிகம் அளந்தால் அளவு கெட்டுப்போகும் கருவியைத் தராசுக் கடைக்காரர்கூட வாங்கமாட்டார்.

இத்தனைக்கும் இந்த முறைகள் மதிப்பெண்ணில் ஜெயிக்கின்றன. அந்த மதிப்பெண் எது? பெரும்பாலும் 'எஸ்எஸ்ஐஎம்' என்கிற ஒப்புமை அளவு. இரு படங்கள் மனிதக் கண்ணுக்கு எவ்வளவு ஒன்றுபோல் தெரியும் என்று மதிப்பிட 2004இல் உருவானது. வீடியோ தரத்தைக் கணிப்பதில் அது செய்த சேவைக்காக அதை உருவாக்கியவர்களுக்கு 2015இல் பொறியியலுக்கான எம்மி விருது கிடைத்தது. தொலைக்காட்சிக்குத் தருகிற விருது. மருத்துவப் படத்தின் உண்மையை அளக்க இதுதான் கிடைத்ததா என்று கேட்கத் தோன்றும். படம் முழுக்கச் சராசரி எடுக்கும் அளவு அது. 320க்கு 320 படத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். ஒரு கிழிசல் 50 பிக்சலில் அடங்கிவிட்டால், அது படத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதைத் துடைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் வழுவழுப்பாக்கினால் மதிப்பெண் ஏறும்.

ஆறு மருத்துவர்களின் தீர்ப்பும் இதிலிருந்து தப்பவில்லை. நூற்றியெட்டு முழங்கால்களில் அடிக்கடி வரும் கோளாறுகள் வரும். பயிற்சித் தரவிலும் அவை ஏராளம். நெட்வொர்க் நன்கு தேறக்கூடிய பாடத்திலேயே தேர்வு வைத்ததுபோல்தான் இது. பயிற்சித் தரவில் இடம்பெறாத அபூர்வமான கட்டி, அசாதாரணமான எலும்பு அமைப்பு, பழைய அறுவைசிகிச்சையின் உலோகம் இவற்றில்தான் இட்டுநிரப்பல் ஆபத்தாகும். அவற்றை 108 பேரில் தேடினால் கிடைக்குமா? படத்தின் தரம் கூடியிருக்கிறது என்ற பாராட்டுக்கும் பெரிய பொருளில்லை. இரைச்சல் குறைந்த படம் எப்போதும் தரமாகத்தான் தெரியும். சில கருவிகளில் இரைச்சல் நீக்கத்துக்குக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தெரிவு வைத்திருக்கிறார்கள். காபிக்குச் சர்க்கரை கேட்பதுபோல அளவுக்கருவியில் கேட்கிறார்கள்.

தொழிற்சாலைப் பக்கம் போனால் இந்த அலட்சியம் எடுபடாது. எரிபொருள் தெளிப்பானின் துளையையும், உலோகத் தூளை உருக்கி அச்சிட்ட உதிரிபாகத்தின் உட்குழியையும் இன்று சி.டி. கொண்டுதான் அளக்கிறார்கள். ஐஎஸ்ஓ 17025 சான்றுபெற்ற அளவுத்திருத்தக் கூடம் வெறும் விட்டத்தைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. கூட்டல் கழித்தல் இத்தனை மைக்ரான் என்று பக்கத்தில் எழுத வேண்டும். அந்த எண்ணைப் பெறுவதற்கு ஒரு வழி, அளவு தெரிந்த மாதிரிப் பாகத்தை இருபது முறையாவது மீண்டும் மீண்டும் அளப்பது. விட்டம் துல்லியமாகத் தெரிந்த மாணிக்கக்கல் உருண்டைகளை வைத்து அளவுகோலைச் சரிபார்ப்பார்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் பாகத்தைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிடலாம். நோயாளியை அறுக்க முடியாது. ஆகவே கூட்டல் கழித்தல் அவருக்குத்தான் அதிகம் தேவை. அவருடைய படத்திலோ எந்த பிக்சல் அளந்தது, எது ஊகித்தது என்பதற்கு அடையாளமே இல்லை.

செய்ய முடியாத காரியம் அல்ல இது. டிரெஸ்டன் குழு தன் தட்டைப்புழுப் படங்களோடு, ஒவ்வொரு பிக்சலிலும் நெட்வொர்க் எவ்வளவு உறுதியாக இருந்தது என்றும், தனித்தனியாகப் பயிற்றுவித்த பல நெட்வொர்க்குகள் எங்கெங்கே முரண்பட்டன என்றும் கணக்கிட்டுக் கொடுத்தது. புழுவுக்குக் கிடைத்த மரியாதை முழங்காலுக்குக் கிடைக்கவில்லை. இட்டுநிரப்பாத எளிய படத்தைப் பக்கத்திலேயே காட்டலாம். மூலத் தரவைப் பாதுகாத்து, சந்தேகம் வந்தால் வேறு முறையில் திரும்ப வரையலாம். நடைமுறையில் மூலத் தரவு மருத்துவமனையின் ஆவணக் கிடங்குக்குப் போவதில்லை. கருவியின் வட்டில் இடம் நிறைந்ததும் அழிந்துபோகிறது.

புற்றுநோய் மருந்து வேலைசெய்கிறதா என்று தீர்மானிக்கும் ரெசிஸ்ட் விதிப்படி, கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி வரும் தொகை 20 சதவீதமும் குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினால் நோய் முற்றுகிறது என்று பொருள். அதை வைத்து மருந்தை நிறுத்துவார்கள். முதல் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஸ்கேன் சென்டர் மென்பொருளை மாற்றியிருக்கலாம். இரைச்சல் நீக்கத்தை நடுத்தரத்திலிருந்து அதிகத்துக்கு ஏற்றியிருக்கலாம். கட்டியின் ஓரம் ஒரு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ நகர்ந்திருக்கலாம். மென்பொருளின் பதிப்பு எண் கோப்பின் தலைப்பகுதியில் எங்கோ பதிவாகியிருக்கும். நோயாளியின் கையில் கொடுக்கும் அறிக்கையில் அது வருவது அரிது.