வல்வில்லும் குதிரையும்

கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்குக் கிழக்கே, பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரை ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. கொல்லிமலைத் தலைவன் ஓரியை அவன் கொன்ற செய்தியை அகநானூறு (209) கூறும்.

புறநானூற்றில் (152) வன்பரணர் பாடும் ஓரியின் அம்பு ஒன்றே யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்துகிறது. தொலைவிலிருந்தே கொல்ல வல்லானைக் காரி அணுகியது எங்ஙனம்? இவ்வினாவிற்கு இப்பாடல்களில் விடையில்லை. சிறுபாணாற்றுப்படையோ, அவர்தம் போரைச் சொல்லுமிடத்து இருவரையும் அவரவர் குதிரையால் சுட்டுகிறது. வில் அங்கே பேசப்படவில்லை. ஓசையின்பம் கருதிய தொடர் அது எனலாம், ஓரளவு உண்மையே. ஆயினும், கொலையுண்ட இடத்தும் அவனை வல்வில் ஓரி என்றே அகநானூறு குறித்தல் நோக்கத்தக்கது. அடைமொழி நிற்கிறது, வில்லின் தொழில் நிற்கவில்லை. வேட்டையில் வில்லுக்கு வன்பரணர் தந்த ஏற்றத்தைப் போரில் நத்தத்தனார் தந்திலர். குதிரைக்குக் குதிரையை நிகராக நிறுத்தினார். எனவே, குதிரை வில்லை வென்றதென இதனை வரலாறாக்குவது பாடல் தாராத முடிபாம்.