முதலிடம் எதற்கு? இசைத் தரவரிசைகளும் வாவிக்கரையின் பாடல்களும்

2002 ஆம் ஆண்டு பி.பி.சி. உலக சேவை தனது 70 ஆவது ஆண்டு நிறைவையொட்டி, உலகின் தலைசிறந்த பாடல் எதுவென நேயர்களிடம் வினவியது. 150 இற்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் குவிந்தன. முடிவு வெளியானபோது அயர்லாந்தின் வுல்ஃப் ரோன்ஸ் குழுவினர் பாடிய நாட்டெழுச்சிப் பாடலொன்று முதலிடத்தையும், ‘வந்தே மாதரம்’ இரண்டாமிடத்தையும் பெற்றிருந்தன. நான்காம், ஐந்தாம் இடங்கள் தமிழுக்கு உரியனவாயின. நான்காவது, 1991 இல் வெளிவந்த ‘தளபதி’ திரைப்படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. ஐந்தாவது, திருமலை சந்திரன் பாடிய ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. மேனாட்டார் பலர் முதலிடத்தில் எதிர்பார்த்திருக்கக்கூடிய குயீன் குழுவின் ‘பொகீமியன் றப்சடி’ பத்தாம் இடத்திலே நின்றது.

இத்தகைய முடிவைப் போற்றுவோரும் உளர், எள்ளுவோரும் உளர். உலகம் தமிழிசையின் மேன்மையை ஒப்புக்கொண்டது என்பது முதற்சாராரின் மகிழ்ச்சி. திரண்டு வாக்களித்தோரின் விளையாட்டு என்பது இரண்டாம் சாராரின் ஏளனம். இரண்டுமே பொருந்தா. தலைசிறந்தது எது என்பது கேட்கப்பட்ட வினா. எந்த மக்கட்கூட்டம் தன் பாட்டை உலகத்தின் காதில் விழச்செய்யத் துடித்தது என்பதே கிடைத்த விடை. ஐந்தாமிடம் பெற்ற பாடலின் தலைப்பிலேயே பூவும் பிஞ்சும் நடக்கின்றன. ஈழத்தவர் நடக்க நேர்ந்த காலமொன்றை அறிந்தோர்க்கு அதன்மேல் உரை வேண்டியதில்லை. அந்த வாக்குகளை இசை நுகர்ச்சியின் அளவுகோலாகக் கொள்வது அவற்றைச் சிறுமைப்படுத்துவதாகும். இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. 2002 இல் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் இணையத்தைக் கண்டோர் சிலர். படுவான்கரையில் மிகச் சிலர். இப்பாடல்களை யாரைப் பற்றிப் பாடினரோ அவர்கள் வாக்காளர் அல்லர்.

பொதுமக்கள் வாக்கினை ஐயுறுவோர் அறிஞர் குழுவின் தீர்ப்பை நம்புமாறு கூறுவர். அந்நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்பதற்கு, ‘இன்டி றொக்’ எனப்படும் மேனாட்டு இசைவகை பற்றிய பட்டியல்களைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. பெரும் இசைத்தட்டுக் கம்பனிகளைச் சாராது, சிறு வெளியீட்டகங்கள் வாயிலாக வந்த இசையையே அச்சொல் முதலிற் குறித்தது. 2013 இல் பிரித்தானிய இதழான என்.எம்.ஈ., எக்காலத்துக்கும் சிறந்த 500 இசைத்தொகுதிகளைத் தெரிந்தபோது, றவ் ரிறேட் என்னும் சிறு நிறுவனம் 1986 இல் வெளியிட்ட ஸ்மித்ஸ் குழுவின் ‘த குயீன் இஸ் டெட்’ முதலிடம் பெற்றது. அமெரிக்க விமர்சன ஏடான பிட்ச்போர்க் 1990 களின் சிறந்த தொகுதிகளை 1999 இல் வரிசைப்படுத்திற்று. மை பிளடி வலன்ரைன் குழுவின் ‘லவ்லெஸ்’ முதலாவது, றேடியோஹெட் குழுவின் ‘ஓகே கொம்பியூட்டர்’ இரண்டாவது. அதே ஏடு அதே பத்தாண்டுக்கு 2003 இல் புதிய வரிசையொன்றை வெளியிட்டபோது இரண்டும் இடம் மாறியிருந்தன. ‘ஓகே கொம்பியூட்டர்’ ஈ.எம்.ஐ. என்ற பெருநிறுவனத்தின் கிளையொன்றால் வெளியிடப்பட்டதாயிற்றே, அதனை எவ்வாறு ‘இன்டி’ என்பது என்ற சச்சரவு வேறு.

றோலிங் ஸ்ரோன் இதழின் வரலாறு இதனினும் தெளிவானது. 2003 இல் அதன் முதலிடம் பீற்றில்ஸ் குழுவின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ தொகுதிக்கு. 2020 இல் வாக்களிப்போர் குழு புதிதாக அமைக்கப்பட்டது. அத்தொகுதி 24 ஆம் இடத்துக்கு இறங்கியது. மார்வின் கேயின் 1971 ஆம் ஆண்டுத் தொகுதி முதலிடத்துக்கு ஏறியது. இசைத்தட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. மட்டக்களப்பின் கொம்புமுறியில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, ஒன்றையொன்று ஏசிப் பாடி, இரண்டு கொம்புகளை மாட்டி இழுக்கும். ஒன்று முறிந்ததும் வழக்கு முடிந்தது. இசைப் பட்டியல்களின் பூசலில் முறிந்து காட்டுவதற்குக் கொம்பு இல்லை.

இங்கே தமிழ் மாணவர் நினைவுகூரத்தக்கது எட்டுத்தொகை மரபு. சங்கப் பாடல்களைத் தொகுத்தோரும் தேர்ந்தெடுத்தவர்களே. விடப்பட்ட பாடல்கள் எத்தனை என்பதை எவரும் அறியார். ஆயினும், தெரிந்தெடுத்தவற்றை அவர்கள் உயர்வு தாழ்வாக அடுக்கவில்லை. 4 முதல் 8 அடிவரையானவை குறுந்தொகை, 9 முதல் 12 வரையானவை நற்றிணை, 13 முதல் 31 வரையானவை அகநானூறு என்றவாறு அடியளவே எல்லையாயிற்று. குறுந்தொகையின் நூறாவது பாட்டு முதற்பாட்டினும் தாழ்ந்ததென எவரும் கூறார். எண் பாட்டைத் தேடிக் கண்டுகொள்வதற்கு மட்டுமே. தொகை என்பது வேறு, வரிசை என்பது வேறு. மேனாட்டு இதழ்கள் முன்னதன் பணியைப் பின்னதன் உருவில் செய்ய முயல்வதாலேயே இத்தனை பூசலும் எழுகின்றது போலும்.

இனி, ‘இன்டி’ என்ற சொல்லின் முதற்பொருளைத் தமிழுக்குக் கொணர்ந்தால், திரைப்படத் துறையைச் சாராது வளர்ந்த ஈழத்துப் பொப் பாடல்களே அதற்கு மிக நெருங்கி வருவன. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியன கடல்கடந்து தமிழகத்திலும் ஒலித்தன. ‘சுராங்கனி’ 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற திரைப்படத்திலும் புகுந்தது. அதன்பின் அதனைத் திரைப்பாடலாக மட்டும் அறிந்த தலைமுறைகளும் உண்டு. இப்பாடல்களை இலேசானவை, கேலிப்பாட்டுகள் என ஒதுக்கும் விமர்சகர் அவற்றின் தாளத்தைச் செவிகொடுத்துக் கேட்கவில்லை. அத்தாளம் பைலாவினுடையது, பைலாவின் வேர் போர்த்துக்கீசர் காலத்துக் கப்றிஞ்ஞாவைத் தொடுகின்றது. மட்டக்களப்பிற் போர்த்துக்கீசரின் கோட்டை எழுந்தது 1628 இல். அது ஒல்லாந்தர் கைக்குப் போனது 1638 இல். பத்தே ஆண்டுகள். ஆயினும் மட்டக்களப்புப் பறங்கியர் தம் போர்த்துக்கீசக் கிரியோல் மொழியையும், வயலினோடு கூடிய கப்றிஞ்ஞா ஆட்டத்தையும் இந்நூற்றாண்டுவரை திருமண வீடுகளிற் காத்துவந்துள்ளனர். ஈழத்துப் பொப் இசையின் சிறந்த பத்துப் பாடல்களைத் தெரிவோர், அத்தாளத்தின் பழைய இருப்பிடங்களுள் ஒன்றான இவ்வீடுகளை எந்த இலக்கத்தில் வைப்பர்?

இவ்விடத்திற் பட்டியல்களின் ஆழமான குறை தென்படுகின்றது. இசைத்தொகுதி என்ற அலகே பொருளுடையவரின் அலகு. ஒலிப்பதிவுக் கூடமும், அச்சிடும் முதலீடும், விற்கும் கடையும் இருந்தாலன்றித் தொகுதி இல்லை. தொகுதி இல்லையேல் பட்டியலில் இடமில்லை. விடிய விடிய ஆடப்படும் வடமோடிக் கூத்தொன்றை எந்தத் தட்டில் அடக்குவது? மத்தளமும் சல்லாரியும் சதங்கையும் களரியின் மண்ணும் சேர்ந்தல்லவா அதன் இசை!

இதனாற் கூத்தூர்களில் தரம்பிரித்தல் இல்லையென்பது பொருளன்று. வடமோடி உயர்ந்ததா, தென்மோடி உயர்ந்ததா என்ற வாதம் வாவியின் இருகரைகளிலும் பழையது. வடமோடியின் வீரமும் ஆட்டத்தின் விறுவிறுப்பும் ஒரு கட்சி. தென்மோடியின் ஆட்ட நுணுக்கமும் இசையின் இழுவையும் மறுகட்சி. அந்த வாதம் மேனாட்டு இதழ்களின் வாதத்தினும் ஒருவகையில் மேலானது. வாதிடுவோர் தம் அளவுகோலை வெளிப்படையாகச் சொல்வர். இன்னாரின் வரவாட்டத்தில் தாளக்கட்டுத் தவறியது, இன்னார் குரல் மேலே எட்டவில்லை, ஏட்டிலுள்ள தரு விடுபட்டது என்று குற்றத்தைச் சுட்டிக்காட்டியே தாழ்த்துவர். கேட்போர் மறுக்கலாம், ஆடிக்காட்டியும் மறுக்கலாம்.

ஆயினும் பட்டியலே வேண்டாமென்பது கற்றவர்க்கு எளிதில் வாய்க்கும் சொகுசு. தெரிவு நிகழ்ந்தே தீரும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களிற் பேராதனையிலிருந்து கூத்தை மீட்டெடுத்தபோது அவரும் தெரிவு செய்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ எனப் பெரும்பாலும் வடமோடி மேடையேறிற்று. தென்மோடிக்கு ‘நொண்டி நாடகம்’ இருந்தது. 1962 இல் அவர் பதிப்பித்த ‘அலங்கார ரூபன் நாடகம்’ என்ற தென்மோடி நூலும் இருந்தது. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்றோரின் வித்தை பல்கலைக்கழக மேடையைக் கண்டது இம்முயற்சியாலேதான். இதனை எவரும் குறைத்து மதிப்பிடவியலாது. எனினும், நூலாக அச்சேறிய கூத்தினும் மேடையில் ஆடப்பட்ட கூத்தே அடுத்த தலைமுறையின் மனத்தில் நின்றது. இன்று மட்டக்களப்புக்கு வெளியே கூத்தென்றதும் பலர் கண்முன் எழுவது இராவணேசனின் வீறுநடை. எண்கள் இடப்படாத அந்தத் தெரிவு, எண்ணிட்ட எந்தப் பட்டியலினும் ஆற்றலோடு வேலை செய்திருக்கின்றது.

ஆகவே ஈழத்து இசைக்கு ஒரு பட்டியல் வேண்டுவோர், முதலிடத்துக்குரியது எதுவென்று தொடங்காது, எவை இன்னும் பதிவாகவில்லை என்று தொடங்குவது தக்கது. அங்கே பொப் பாடல்கள் கடைசியில் வரும். அவற்றுக்குத் தட்டுகள் உண்டு. கண்ணகி கோவில் வைகாசிச் சடங்கிற் பாடப்படும் குளிர்த்தி, கொம்புமுறியின் வசைப்பாட்டு, வயலிலும் சூடுமிதிக்கும் களத்திலும் எழுந்த பாடல், தென்மோடியின் தரு ஆகியன முன்னே வரும். இவற்றுள்ளும் விரைந்து மறைவது சூடுமிதிக்கும் களத்துப் பாட்டு. மாடு வளைத்து மிதித்த களங்களில் இப்போது இயந்திரம் அறுத்து அடிக்கின்றது. அதன் இரைச்சலுக்கு மேலாக எவரும் பாடுவதில்லை.